பாஸ்டன் லோகன், 9 ஜூன் 2005: வெட்டிக்கொள்ளும் ஓடுபாதைகளில் 5 விநாடி இடைவெளியில் இரண்டு புறப்பாட்டு அனுமதிகள்

அமெரிக்காவின் பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் 2005 ஜூன் 9ஆம் தேதி மாலை, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஓடுபாதைகளில் இரண்டு பயணிகள் விமானங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் புறப்பட்டு ஓடத் தொடங்கின. இரண்டுக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து அனுமதி கிடைத்திருந்தது. இரண்டிலும் சேர்த்து 381 பேர் இருந்தனர். ஒருவருக்கும் கீறல்கூட விழவில்லை என்பதால் இந்நிகழ்வு விரைவில் மறக்கப்பட்டது. ஆனால் நெரிசல் மிகுந்த கோபுரம் ஒன்றில் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும்போது எந்த இடத்தில் பிடி நழுவுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்வுகள் குறைவு. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை இங்கே தரவில்லை. அவர்கள் வகித்த பொறுப்புகளைக் கொண்டே அவர்களைக் குறிப்பிடுகிறேன்.

ஓடுபாதைகள் ஏன் வெட்டிக்கொள்கின்றன

விமானம் காற்றை எதிர்கொண்டு புறப்படவும் இறங்கவும் வேண்டும். பக்கவாட்டுக் காற்றை ஓரளவுக்கு மேல் தாங்காது. காற்று அடிக்கடி திசை மாறும் கடலோர ஊர்களில், ஒரே திசையில் மட்டும் ஓடுபாதை அமைத்தால் ஆண்டில் பல நாட்கள் நிலையம் முடங்கிப்போகும். அதனால் பழைய நிலையங்கள் இரண்டு மூன்று திசைகளில் ஓடுபாதைகளை அமைத்தன. நிலம் தாராளமாக இருந்த இடங்களில் அவற்றைத் தள்ளித் தள்ளி வைக்க முடிந்தது. லோகன் நிலையமோ துறைமுக நீரைத் தூர்த்து எடுத்த நிலத்தில், மூன்று பக்கம் நீரும் ஒரு பக்கம் குடியிருப்புகளுமாக நெருக்கப்பட்டுக் கிடக்கிறது. அங்கே ஓடுபாதைகள் ஒன்றின் மீது ஒன்று ஏறித்தான் செல்ல வேண்டியிருந்தது.

இந்நிகழ்வுக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று, கிழக்கு நோக்கிப் புறப்படுவதற்கான 9ஆம் எண் ஓடுபாதை. நீளம் 7,000 அடி. மற்றொன்று, தென்கிழக்கு நோக்கிய 15 வலது ஓடுபாதை; நீளம் 10,000 அடிக்குச் சற்று மேல். ஓடுபாதையின் எண், அது நோக்கும் திசையின் பாகையைப் பத்தால் வகுத்து வருவது; ஒரே திசையில் இணையாக இரண்டு இருந்தால் இடது, வலது என்று சேர்ப்பார்கள். நடுத்தர அளவு விமானங்களுக்கு 9ஆம் ஓடுபாதையே போதும். அட்லாண்டிக்கைக் கடக்க எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிளம்பும் கனமான விமானங்களுக்கு 15 வலதின் நீளம் தேவைப்பட்டது. ஆகவே 9இல் வரிசையாகப் புறப்பாடுகள் நடந்துகொண்டிருக்கும்போதே, இடையிடையே ஒரு கனரக விமானத்தை 15 வலதில் நுழைத்து அனுப்புவது அங்கே அன்றாட வழக்கம்.

இரண்டு ஓடுபாதைகளின் தொடக்க முனைகளுக்கும் நடுவே பயணிகள் முனையக் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. ஒரு முனையில் காத்திருக்கும் விமானிக்கு மறுமுனையில் காத்திருக்கும் விமானம் கண்ணுக்குத் தெரியாது. ஏறத்தாழ 285 அடி உயரக் கோபுரத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே இரண்டும் ஒருசேரத் தெரியும்.

ஒரே அறையில் இருவர்

போக்குவரத்து மிகும்போது ஓடுபாதைகளை ஒருவரே கவனிப்பது இயலாது. லோகன் கோபுரத்தில் இப்பணி கிழக்கு, மேற்கு என்று இரண்டு இருக்கைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 9ஆம் ஓடுபாதை கிழக்குக் கட்டுப்பாட்டாளரிடமும், 15 வலது மேற்குக் கட்டுப்பாட்டாளரிடமும் இருந்தன. இருவருக்கும் தனித்தனி வானொலி அலைவரிசை. கிழக்கில் பேசும் விமானியின் காதில் மேற்கில் தரப்படும் அனுமதி விழாது.

இரு ஓடுபாதைகளும் வெட்டிக்கொள்வதால் மேற்குக் கட்டுப்பாட்டாளர் தம் விருப்பப்படி 15 வலதில் எதையும் புறப்பட விட முடியாது. கிழக்கிடம் கேட்டு, அவர் "விடுவிப்பு" தந்த பிறகே அனுமதி கொடுக்க வேண்டும். விடுவிப்புத் தந்த கிழக்குக் கட்டுப்பாட்டாளர், 15 வலதில் ஓடும் விமானம் வெட்டுமிடத்தைத் தாண்டும்வரை 9இல் எவருக்கும் புறப்பாட்டு அனுமதி தரக் கூடாது. அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் 7110.65 என்ற ஆணையிலும் இதே கோட்பாடுதான் உள்ளது. முன்னே சென்ற விமானம் வெட்டுமிடத்தைக் கடந்திருக்க வேண்டும், அல்லது மோதலுக்கு இடமில்லாதபடி திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். அதுவரை மற்ற ஓடுபாதையிலுள்ள விமானம் ஓட்டத்தைத் தொடங்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. விடுவிப்பு என்பது கேட்பதற்கு மற்றவருக்குத் தரும் அனுமதி போல இருக்கிறது. உண்மையில் அதைத் தருபவர் அந்தக் கணமே தம் சொந்த ஓடுபாதையைத் தாமே பூட்டிக்கொள்கிறார். மேற்குக்கு அது வேலையின் தொடக்கம். அவர் உடனே விமானியை அழைத்து அனுமதி சொல்லப் போகிறார். கிழக்குக்கோ அது ஒரு சிறு குறுக்கீடு. பதில் சொல்லிவிட்டு அவர் தம் வரிசைக்குத் திரும்புகிறார். பூட்டியதை நினைவில் வைத்திருக்க வேண்டியவர் அவர். அதை மறக்க அதிக வாய்ப்புள்ளவரும் அவரே.

அன்று மாலை

நேரம் 7.40ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் என்பதால் இன்னும் நல்ல வெளிச்சம். அயர்லாந்தின் ஷானனுக்குச் செல்லும் ஏர் லிங்கஸ் 132, ஏர்பஸ் ஏ330 ரக விமானம், 272 பேருடன் 15 வலதில் தயாராக இருந்தது. பிலடெல்பியாவுக்குச் செல்லும் யு.எஸ். ஏர்வேஸ் 1170, போயிங் 737 ரக விமானம், 109 பேருடன் 9ஆம் ஓடுபாதையில் இருந்தது.

மேற்குக் கட்டுப்பாட்டாளர் 15 வலதுக்கு விடுவிப்பைப் பெற்றுக்கொண்டார். கிழக்குக் கட்டுப்பாட்டாளர் அதை முறைப்படியே தந்தார். இதுவரை எல்லாம் விதிப்படி நடந்தது. பிறகு கிழக்குக் கட்டுப்பாட்டாளர் வேறு விமானங்களை ஒருங்கிணைக்கும் வேலையில் இறங்கினார். அந்த இடைவெளியில், தாம் தந்த விடுவிப்பு அவர் நினைவிலிருந்து நழுவியது.

7 மணி 39 நிமிடம் 10ஆவது விநாடியில் மேற்குக் கட்டுப்பாட்டாளர் ஏர்பஸ்ஸுக்குப் புறப்பாட்டு அனுமதி கொடுத்தார். 5 விநாடி கழித்துக் கிழக்குக் கட்டுப்பாட்டாளர் போயிங்குக்கு அனுமதி கொடுத்தார். இரண்டு விமானிகளும் தத்தம் அனுமதியைப் பெற்று, உந்துவிசைக் கைப்பிடிகளை முன்னே தள்ளினர். அலைவரிசைகள் வெவ்வேறாக இருந்ததால் ஒருவர் பேசியது மற்றவருக்குக் கேட்கவில்லை. முனையக் கட்டடங்கள் குறுக்கே இருந்ததால் ஒருவரை ஒருவர் பார்க்கவும் இயலவில்லை.

போயிங் விமானி அறையில் எடுத்த முடிவு

புறப்பாட்டு ஓட்டத்தில் "வி1" என்றொரு வேக எல்லை உண்டு. அதற்குள் புறப்பாட்டைக் கைவிட்டால் மிச்சமுள்ள ஓடுபாதையில் நின்றுவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் நிறுத்த முயல்வதைவிடப் பறந்துவிடுவதே பாதுகாப்பு என்பதுதான் விமானிகளுக்குத் திரும்பத் திரும்பக் கற்பிக்கப்படுவது. கட்டடங்களின் மறைவு விலகி, வலப்புறமிருந்தோ இடப்புறமிருந்தோ வருவது கண்ணில் படும் நேரத்தில் விமானம் பெரும்பாலும் இந்த எல்லையை ஒட்டித்தான் இருக்கும். அன்று போயிங்கின் துணை விமானி ஏர்பஸ்ஸைக் கண்டபோது தங்கள் விமானம் வி1ஐக் கடந்திருந்தது.

அவர் முன் இருந்த வழிகளைச் சற்று விரித்துப் பார்ப்பது பயனுள்ளது. பிரேக் போட்டிருந்தால், வேகம் குறைவதற்குள் விமானம் வெட்டுமிடத்துக்குள்ளேயே புகுந்திருக்கும். ஓடுபாதையின் முடிவிலும் நின்றிருக்கும் என்ற உறுதியில்லை. வழக்கம்போல மூக்கைத் தூக்கி எழும்பியிருந்தால், வெட்டுமிடத்துக்கு மேலே ஒரே உயரத்தில் இரண்டு விமானங்களும் காற்றில் இருந்திருக்கும். மணிக்கு 140 கடல்மைல் வேகத்தில் செல்லும் விமானம் ஒரு விநாடியில் 70 மீட்டருக்கு மேல் கடக்கிறது. ஏ330இன் நீளமோ 60 மீட்டருக்குச் சற்று மேல். யோசித்துத் தேர்ந்தெடுக்க அவருக்கு இருந்த அவகாசம் இந்த அளவில்தான்.

அவர் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். தலைமை விமானியிடம் "கீழேயே வையுங்கள்" என்று சொல்லிக்கொண்டே கட்டுப்பாட்டுத் தண்டை முன்னே தள்ளினார். எழும்பும் வேகத்தை அடைந்த விமானம் தானாகவே மேலெழ முயலும். அதைத் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏர்பஸ் தரையை விட்டு எழுந்து, வெட்டுமிடத்தில் போயிங்கின் மேலாகக் கடந்து சென்றது. போயிங் அதன் அடியில் ஓடி, வெட்டுமிடத்தைத் தாண்டிய பிறகே மேலெழுந்தது. இரண்டுக்கும் இடையே இருந்த தூரம் பற்றிய மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. எதுவும் 200 அடியை எட்டவில்லை.

இங்கே பாராட்ட வேண்டியது ஒருவரின் துணிவை மட்டுமன்று. விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் தலைமை விமானி. பதவியில் இளையவரான துணை விமானி கண்டவுடன் சொன்னார், சொன்னவுடன் செய்தார். மூத்தவர் அதோடு மல்லுக்கு நிற்காமல் ஏற்றுக்கொண்டார். ஒருவர் இழுத்து மற்றவர் தள்ளியிருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கும். விமானி அறையில் பதவி வேறுபாடு பாராமல் பேசப் பழக்கும் பயிற்சிக்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். அமெரிக்க விமானிகள் சங்கம் பின்னர் அவ்விருவருக்கும் விருதளித்தது.

மேலெழுந்ததும் போயிங்கின் தலைமை விமானி, மயிரிழையில் மோதல் தவிர்க்கப்பட்டதாக, நிலையத்தை விட்டு வெளியேறும் விமானங்களை வழிநடத்தும் புறப்பாட்டுக் கட்டுப்பாட்டிடம் தெரிவித்தார். ஏர்பஸ் குழுவினர் தாங்களும் அதையே சொல்வதாக உறுதிப்படுத்தினர். இரண்டு விமானங்களும் தத்தம் ஊர்களுக்குப் பயணத்தைத் தொடர்ந்தன.

விசாரணை கண்டது

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. கிழக்குக் கட்டுப்பாட்டாளர் 7110.65 ஆணையையும் கோபுரத்தின் சொந்த நடைமுறையையும் பின்பற்றத் தவறியதே நிகழ்வுக்குக் காரணம் என்று அது முடிவு செய்தது. விடுவிப்பைத் தந்தவர் அவர். அதை மறந்து 9இல் அனுமதி கொடுத்தவரும் அவர். இந்த முடிவில் தவறேதும் இல்லை.

ஆனால் அம்முடிவோடு நின்றுவிட்டால் இந்நிகழ்விலிருந்து கிடைக்கும் பாடம் மெலிந்துபோகிறது. விதி இருந்தது, கட்டுப்பாட்டாளருக்கு அது தெரிந்திருந்தது, விடுவிப்பைக் கேட்டதும் தந்ததும் சரியாகவே நடந்தன. நழுவியது நினைவு ஒன்றுதான். அந்த நினைவைத் தாங்கிப் பிடிக்க வெளியே வேறு எந்தத் தடையும் வலுவாக இல்லை என்பதே என் கவலை.

தரை ரேடாரைக் கொண்டு இயங்கும் "அமாஸ்" என்ற எச்சரிக்கை அமைப்பு அன்று லோகனில் இருந்தது. ஒரே ஓடுபாதையில் ஒரு விமானம் இறங்கும்போது மற்றொன்று குறுக்கே வந்தால் கோபுரத்தில் ஒலி எழுப்புவது அதன் வேலை. வெட்டிக்கொள்ளும் இரண்டு ஓடுபாதைகளில் இரண்டு விமானங்கள் ஒரே புள்ளியை நோக்கி விரைவதைக் கணித்து எச்சரிக்கும்படி அது அமைக்கப்படவில்லை. அன்று அது மௌனமாக இருந்தது. நாள் முழுவதும் குறுக்கு ஓடுபாதைகளை நம்பியே இயங்கும் ஒரு நிலையத்துக்கு அந்த ஆபத்தையே அறியாத காவல் கருவி கொடுக்கப்பட்டிருந்தது என்பது என்னால் எளிதில் கடந்துபோக முடியாத செய்தி.

ஓடுபாதையிலேயே ஒரு சிவப்பு விளக்கு

அடுத்த சில ஆண்டுகளில் லோகனில் மாற்றங்கள் வந்தன. அமாஸின் இடத்தில், தரை ரேடாரையும் விமானங்களின் மறுமொழிக் கருவிகளிலிருந்து வரும் சமிக்ஞைகளையும் இணைத்துப் பார்க்கும் புதிய கண்காணிப்பு அமைப்பு நிறுவப்பட்டது. அதைவிட முக்கியமானது ஓடுபாதை நிலை விளக்குகள். இவை ஓடுபாதையின் தளத்திலேயே பதிக்கப்பட்டவை. கட்டுப்பாட்டாளர் கை வைக்காமல், கண்காணிப்பு அமைப்பு தரும் தகவலைக் கொண்டு தாமாகவே எரிபவை. ஓடுபாதைக்குள் நுழையும் இடத்தில் ஒரு வகை, புறப்பாட்டுக்காகக் காத்திருக்கும் இடத்தில் மற்றொரு வகை. இவற்றோடு, ஓடுபாதைகள் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு முன்பாகவே எரியும் மூன்றாவது வகையும் லோகனில் சோதிக்கப்பட்டது. குறுக்கு ஓடுபாதையில் அதிவேகமாக ஒரு விமானம் வந்துகொண்டிருந்தால், இந்த ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருப்பவரின் கண்ணெதிரே சிவப்பு விளக்குகள் எரியும்.

இதன் சிறப்பு, எச்சரிக்கை யாரிடம் போகிறது என்பதில் இருக்கிறது. கோபுரத்தில் ஒலி எழுந்து, கட்டுப்பாட்டாளர் திரையைப் பார்த்து, நிலைமையைப் புரிந்துகொண்டு, அலைவரிசையில் அழைத்து, விமானி அதைக் கேட்டுச் செயல்படுவதற்குள் பல விநாடிகள் போய்விடும். மேலே சொன்ன கணக்கின்படி ஒவ்வொரு விநாடிக்கும் 70 மீட்டர். சிவப்பு விளக்கு விமானியிடமே நேராகப் பேசுகிறது. 2005இல் இவ்விளக்குகள் இருந்திருந்தால், கட்டடங்களின் மறைவு விலகும் முன்பே, வேகம் குறைவாக இருக்கும்போதே, போயிங் குழுவினர் ஓட்டத்தைக் கைவிட வாய்ப்புக் கிடைத்திருக்கும் என்பது என் மதிப்பீடு.

2023 பிப்ரவரி 27

அதே நிலையத்தில் 2023 பிப்ரவரி 27ஆம் தேதி மாலை, 9ஆம் ஓடுபாதையில் வரிசையில் நின்று காத்திருக்கும்படி சொல்லப்பட்ட ஒரு லியர்ஜெட் விமானம் அனுமதி பெறாமலேயே புறப்பட்டது. அதை வெட்டும் 4 வலது ஓடுபாதையில் ஜெட்புளூ நிறுவனத்தின் எம்ப்ரேயர் 190 விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அது தரையிலிருந்து ஏறத்தாழ 30 அடி உயரத்தில் இருந்தது. இம்முறை கண்காணிப்பு அமைப்பு கோபுரத்தில் எச்சரிக்கை எழுப்பியது, கட்டுப்பாட்டாளர் ஜெட்புளூவை இறங்காமல் மேலெழச் சொன்னார், அது மேலெழுந்தது.

இரண்டு நிகழ்வுகளிலும் பிழை செய்தவர் வேறு. 2005இல் கோபுரம், 2023இல் விமானி. இரண்டாவதில் பிழைக்கும் மோதலுக்கும் இடையே ஒரு கருவி நின்றது. முதலாவதில் ஒருவரின் கண் மட்டுமே நின்றது. கருவிக்குச் செலவிட்டது வீணாகவில்லை. ஆயினும் 30 அடி உயரத்தில் கிடைக்கும் எச்சரிக்கை மிகப் பிந்திய எச்சரிக்கை. எனவே அதற்கு முந்தைய கட்டத்திலேயே என்ன செய்யலாம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

எதை மாற்றுவது

முதலாவதும் முக்கியமானதும், விடுவிப்பு கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளாக வேண்டும். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் ரயில்வே துறை இதை நெடுங்காலம் முன்பே தீர்த்துவைத்தது: டோக்கன் கையில் இல்லாத ஓட்டுநர் வண்டியை எடுக்க முடியாது, டோக்கனைக் கொடுத்துவிட்ட நிலைய அதிகாரி அதே பாதையில் இன்னொரு வண்டியை அனுப்ப வழியில்லை. கோபுரத்திலும் அதுவே பொருந்தும். 15 வலதுக்கு விடுவிப்புத் தரும் அதே அசைவில், 9ஆம் ஓடுபாதையின் விமானச் சீட்டுகளின் (ஒவ்வொரு விமானத்தின் விவரத்தையும் எழுதிக் கட்டுப்பாட்டாளர் முன் வரிசையாக வைக்கும் தாள் பட்டைகள்) மீது ஒரு சிவப்புத் தடுப்பை வைக்க வேண்டும், அல்லது திரையில் அவ்வோடுபாதை பூட்டப்பட வேண்டும். அடுத்த விமானத்தின் சீட்டை எடுக்க நீளும் கை அந்தத் தடுப்பில் பட வேண்டும். பல கோபுரங்களில் இத்தகைய நினைவூட்டுப் பொருள்கள் உண்டு. ஆனால் அவற்றைப் பயன்படுத்துவது அவரவர் பழக்கத்துக்கு விடப்படும்போது, மிக நெரிசலான பொழுதில்தான் அவை முதலில் கைவிடப்படுகின்றன. விருப்பத்துக்கு விடாமல் விடுவிப்பின் பகுதியாகவே அதை ஆக்க வேண்டும்.

இரண்டாவது, விமானிகளுக்குச் சொல்லும் தகவல். "குறுக்கே 15 வலதில் ஒரு விமானம் புறப்படுகிறது" என்று போயிங்குக்கு ஒரு வரி சொல்லப்பட்டிருந்தால் அவர்கள் அந்தப் பக்கம் கண் வைத்திருப்பார்கள். அலைவரிசைகளை ஒன்றாக்கிவிட்டால் எல்லாருக்கும் எல்லாம் கேட்குமே என்று வாதிடுவோர் உண்டு. அமைதியான நேரத்தில் அது சரி. நெரிசலில் ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சை மிதித்து, அனுமதியே பாதி கேட்டும் கேளாமலும் போகும். அதனால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறுக்கு ஓடுபாதையில் புறப்பாடு உள்ளபோது அதைத் தகவலாகச் சொல்வது போதும்.

மூன்றாவது, திருப்பிச் சொல்லும் பழக்கம். இறங்கிய விமானத்தைக் குறுக்கு ஓடுபாதைக்கு முன்னால் நிற்கச் சொன்னால், விமானி அந்தக் கட்டளையை முழுமையாகத் திருப்பிச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கட்டுப்பாட்டாளர் விடமாட்டார். இரண்டு கட்டுப்பாட்டாளர்களுக்கு இடையிலான விடுவிப்பில் கட்டுப்பட வேண்டியவர் அதைத் தருபவர் என்பதால், அவரிடம் யாரும் எதையும் திருப்பிக் கேட்பதில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் போய் இதை வற்புறுத்துவது மரியாதைக் குறைவு என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது.

சென்னை மீனம்பாக்கத்தின் 07/25, 12/30 ஓடுபாதைகளும் (ஒரே ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் தனித்தனி எண்), மும்பையின் 09/27, 14/32 ஓடுபாதைகளும் இதே போல ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஒன்றை மட்டும் இயக்கும்வரை இங்கே சொன்ன ஆபத்து எழாது. இரண்டையும் சேர்த்து இயக்கி, மணிக்குச் சில விமானங்களைக் கூடுதலாக அனுப்பலாம் என்ற கணக்கு வரும்போதெல்லாம், விடுவிப்பு நடைமுறை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

அந்நடைமுறையில் நான் காண விரும்பும் உரையாடல் மூன்றே வரிகளில் முடியும். கேட்பவர், "15 வலது, ஒரு புறப்பாடு, விடுவிப்பு வேண்டும்" என்கிறார். தருபவர், "15 வலது விடுவிக்கப்பட்டது, 9 பூட்டப்பட்டது" என்று தம் ஓடுபாதையின் பெயரைத் தம் வாயாலேயே சொல்லித் தடுப்பை வைக்கிறார். விமானம் வெட்டுமிடத்தைத் தாண்டியதைக் கண்ணால் பார்த்த பிறகு, கேட்டவர் "கடந்தது" என்கிறார். அந்தச் சொல் வந்த பின்புதான் தடுப்பு எடுக்கப்படுகிறது. இடையில் இருக்கையில் ஆள் மாறினால், பொறுப்பேற்பவரிடம் முதலில் காட்ட வேண்டியதும் அந்தத் தடுப்புதான்.